கம்பெனியில் இல்லாத மாப்பிள்ளை

என் அப்பா வெண்டைக்காயைக்கூட நுனி ஒடித்துப் பார்க்காமல் வாங்க மாட்டார். தாம்பரம் மார்க்கெட்டில் அவர் கூடையை நீட்டினாலே கடைக்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அப்படிப்பட்ட மனிதர் பெண்ணைக் கொடுக்கும்போது சும்மா இருப்பாரா? எனக்கு வந்த ஒவ்வொரு வரனையும் அவர் அலசிப் பிழிந்து காயப்போட்டார். இத்தனைக்கும் எனக்கு வரன் ஒன்றும் குவிந்து கிடக்கவில்லை. என் வாய்க்குப் பயந்தே பாதிப் பேர் ஓடிவிட்டார்கள் என்பது அம்மாவின் கட்சி. மீதிப் பேரை அப்பா துரத்தினார் என்பது என் கட்சி.

அப்பாவையும் குறை சொல்ல முடியாது. மேடவாக்கத்தில் எங்கள் சொந்தக்காரப் பெண் ஒருத்திக்கு நடந்ததைப் பார்த்துப் பயந்து போயிருந்தார். சூப்பர்வைசர் வேலை என்று சொல்லிக் கட்டிக்கொண்டவருக்கு அந்த வேலை போய் வெகு நாளாகியிருந்தது. தினமும் காலையில் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு கிளம்புவாராம். ரயில்வே பிளாட்பார பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, சாயங்காலம் களைத்துப்போன முகத்தோடு திரும்புவாராம். எனக்கு அந்த மனிதரை நினைத்தாலும் பாவமாகத்தான் இருந்தது. அப்பாவுக்கு அந்தப் பெண்ணின் முகம்தான் கண்ணிலேயே நின்றது. அதற்குப் பிறகு, வேலை செய்யும் இடத்தில் விசாரிக்காமல் எந்தப் பேச்சும் கிடையாது என்று முடிவு பண்ணிவிட்டார்.

இது தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. நான் சேலையூரில், கேம்ப் ரோட்டில் இருந்த ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். காலை முதல் இரவு வரை தடதடவென்று சத்தம். அந்தச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தியே என் குரல் இப்படி ஆகிவிட்டது. பெண் பார்க்க வந்தவர்கள் எதிரில் மட்டும் நான் மெதுவாகப் பேச வேண்டும் என்று அம்மா எதிர்பார்த்தால் நான் என்ன செய்ய?

மாப்பிள்ளை வீட்டார் கீழ்க்கட்டளையிலிருந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைப் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை, அவருடைய அம்மா, அக்கா, அக்கா வீட்டுக்காரர். அன்று காலை பார்த்து எங்கள் வீட்டில் கேஸ் தீர்ந்துபோய்விட்டது. ரவையை வறுத்து வைத்தபடியே அம்மா அடுப்படியில் உட்கார்ந்துவிட்டாள். கடைசியில் தம்பி சைக்கிளில் போய் முனைக்கடையில் மசால் வடை வாங்கிவந்தான். அம்மா பேப்பரைப் பிரித்து, எண்ணெயைத் துணியில் ஒற்றி எடுத்து, வடைகளை எவர்சில்வர் தட்டில் அடுக்கி, மேலே கொஞ்சம் கொத்தமல்லி தூவினாள். பார்த்தால் வீட்டில் போட்டது போலத்தான் இருந்தது.

"வடை ரொம்ப நல்லாருக்கே, வீட்ல போட்டீங்களா?" என்று அவர் அம்மா கேட்டார்.

"ஆமாங்க, காலைலயே ஊறப்போட்டேன்" என்றாள் என் அம்மா, கண் இமைக்காமல்.

அதுவரை தலையைக் குனிந்து தின்றுகொண்டிருந்த அவர் நிமிர்ந்து, "கேம்ப் ரோடு முனைக்கடை வடை மாதிரியே இருக்குங்க. இந்தப் பக்கம் வந்தா அங்கதான் சாப்பிடுவேன். அதே டேஸ்ட்" என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை. அம்மாவின் கைப்பக்குவத்தைப் புகழ்வதாக நினைத்துக்கொண்டுதான் சொன்னார். அம்மாவின் முகம் போன போக்கைப் பார்த்து எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. புடவைத் தலைப்பை வாயில் வைத்து அடைத்தும் அது நிற்கவில்லை. கூடத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவரும் பார்த்தார், அவருக்கும் சிரிப்பு வந்தது, எதற்குச் சிரிக்கிறோம் என்றே தெரியாமல். அந்த நிமிஷமே எனக்கு அவரைப் பிடித்துப்போய்விட்டது. வந்த வரன்களில் ஒருவரை எனக்குப் பிடித்தது அதுதான் முதல் தடவை.

எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ. சானடோரியம் பக்கம், ஏற்றுமதிக்கு ஏதோ மின்சாரச் சாமான்கள் செய்யும் ஒரு கம்பெனியில் டெலிபோன்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. தரகர் இவ்வளவுதான் சொல்லியிருந்தார். அப்பா மறுநாளே கீழ்க்கட்டளைக்குப் பஸ் ஏறினார். அவர்கள் குடியிருந்த வீட்டின் ஓனரிடம் கேட்டார், இஸ்திரி போடுகிறவரிடம் கேட்டார், பால் பூத்தில் வரிசையில் நின்றவர்களிடம் கேட்டார். எல்லோரும் ஒரே வாயாக நல்ல பையன் என்றார்கள். தெருவில் யார் வீட்டு ரேடியோ கெட்டாலும் அவர்தான் பார்த்துக் கொடுப்பாராம். அப்பா முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் தெரிந்தது. அம்மா திருநீர்மலையில் கல்யாணத்தை வைத்துக்கொள்ளலாம் என்று பேச்செடுத்தாள். நான் காது கேட்காதவள் போலக் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

கம்பெனி ஒன்றுதான் பாக்கி. எங்கள் வீட்டில் அப்போது போன் கிடையாது. கனெக்ஷனுக்கு எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருந்தோம். இன்ஸ்டிட்யூட்டுக்குப் பக்கத்தில் ஓர் எஸ்.டி.டி. பூத் இருந்தது. கண்ணாடிக் கூண்டுக்குள் ஃபேன் ஓடாது. கதவை மூடினால் வெந்து போவோம் என்று எல்லோரும் திறந்து வைத்தே பேசுவார்கள். அதனால் கேம்ப் ரோட்டில் யார் வீட்டு விஷயமும் யாருக்கும் தெரியாமல் இருந்ததில்லை. அந்தக் கூண்டிலிருந்துதான் அப்பா கம்பெனிக்குப் போன் செய்தார். சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றாமல், ஆபரேட்டர் பெண்ணின் குரலையும் தன் குரலையும் மாற்றி மாற்றி நடித்துக் காட்டினார்.

"அப்படி யாரும் இல்லீங்க சார்."

"நல்லாப் பாரும்மா. டெலிபோன் இன்சார்ஜ்."

"கம்ப்யூட்டர்லயே பாத்துட்டேன் சார். பேரே வரல."

"சரி, பர்சனல் மேனேஜரைக் குடு."

"அவர் பேரும் வரல சார்."

"ஜெனரல் மேனேஜர்?"

"வரல சார்."

"முதலாளி?"

"அவரும் வரல சார்."

"பின்ன யாருதாம்மா அங்க இருக்கீங்க?"

"நான் இருக்கேன் சார். கேட்ல செக்யூரிட்டி இருக்காங்க. கேண்டீன் இருக்கு."

நடிப்பை முடித்துவிட்டு அப்பா நாற்காலியில் உட்கார்ந்தார். "ஒரு பொண்ணு, ஒரு வாட்ச்மேன், ஒரு கேண்டீன். இதான் கம்பெனி. நம்மளை என்னன்னு நினைச்சுட்டானுங்க?"

இப்போது கேட்டால் சிரிப்பாக இருக்கிறது. அந்த நாளில் அது சிரிக்கிற விஷயமில்லை. வாடகைக்கு ஒரு மாடி பிடித்து, நாலு நாற்காலி போட்டு, வாசலில் பெரிய போர்டு மாட்டிக் கம்பெனி நடத்தியவர்கள் ஒரு நாள் காலையில் பார்த்தால் போர்டோடு காணாமல் போயிருப்பார்கள். எங்கள் தெருவிலேயே ஏமாந்தவர்கள் இருந்தார்கள். அதனால் அப்பா அவரை மட்டும் சந்தேகப்படவில்லை. அந்தக் கம்பெனியே டூப் என்று முடிவுகட்டிவிட்டார்.

"வடைக்கே பொய் சொல்லத் தெரியலை. அந்த மனுஷன் வேலை விஷயத்துல பொய் சொல்லுவாராப்பா?" என்றேன்.

அம்மா என்னை முறைத்தாள். அவளுக்கு வடை விவகாரம் இன்னும் ஆறவில்லை.

"மனுஷன் பொய் சொல்லுவான், கம்ப்யூட்டர் பொய் சொல்லாதும்மா" என்றார் அப்பா. ரயில் டிக்கெட் ரிசர்வேஷன் கம்ப்யூட்டருக்கு மாறியதிலிருந்து அவருக்கு அதன்மேல் அப்படி ஒரு பக்தி. "ஞாயித்துக்கிழமை தரகர் வரார். ஜாதகத்தைத் திருப்பிக் குடுத்துடலாம். இந்தப் பேச்சை இதோட விடு."

அன்று நான் சாப்பிடாமல் படுத்துவிட்டேன். இதற்கெல்லாம் அழுகிற ஜென்மம் நானில்லை என்று என்னைப் பற்றி எனக்கு ஒரு பெருமை இருந்தது. அந்தப் பெருமை தலையணையோடு நனைந்து போனது. ஒரு தடவை சிரித்ததற்கு இவ்வளவா என்று என்னையே திட்டிக்கொண்டேன். விடிகிறபோது துக்கம் போய்க் கோபம் வந்திருந்தது. கோபம் வந்துவிட்டால் எனக்கு வேலை ஓடும்.

இன்ஸ்டிட்யூட்டில் பிள்ளைகளுக்கு ஒரு பக்கத்தைக் கொடுத்து அடிக்கச் சொல்லிவிட்டு நேரே பூத்துக்குப் போனேன். பூத் அண்ணன் காத்துக்கொண்டே இருந்தது போல ஆரம்பித்தார்.

"இன்னாமா, நேத்து உங்க நைனா போன்ல ஒரே பேஜார் பண்ணிக்கினு இருந்தாரு. மாப்ள டகுல் பார்ட்டியா?"

"உங்க வேலையைப் பாருங்கண்ணா."

"நா இன்னாமா சொல்லிட்டேன். உன் நல்லதுக்குக் கேட்டேன்" என்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டார், காதை மட்டும் என் பக்கமே வைத்துக்கொண்டு.

அதே ஆபரேட்டர் பெண்தான் எடுத்தாள். சின்னக் குரல், புதிதாக வேலைக்கு வந்தவள் என்று கேட்டதுமே தெரிந்தது. நான் அவர் பெயரைச் சொன்னேன். வரல மேடம் என்றாள்.

"உங்க கம்பெனில போன் ரிப்பேர் ஆனா யாரைக் கூப்பிடுவீங்க?"

அவள் யோசித்தாள். "தெரியலைங்க. நான் வந்ததுலேர்ந்து ரிப்பேரே ஆகல."

அப்பா சொன்னது சரிதானோ என்று ஒரு நொடி தோன்றிவிட்டது. போனை வைத்துவிடப் போனவள், எதற்கும் கேட்டுப் பார்ப்போம் என்று, "நேத்து எங்கப்பாகிட்ட கேண்டீன் இருக்குன்னீங்களாமே, அதைக் குடுங்க" என்றேன்.

பாத்திரங்கள் உருளுகிற சத்தத்துக்கு நடுவில் ஒரு தடித்த குரல் எடுத்தது. "கேண்டீன். யாருக்கு சேதி? சொல்லு, போர்டுல எழுதிக்கிறேன்."

"சேதி இல்லீங்க. ஒருத்தரைப் பத்திக் கேக்கணும்."

"யாரு வோணும், ஜி.எம்.மா, பர்ச்சேஸா? அல்லா போனும் இங்கதாமா வர்து. நா சாம்பாரைப் பாப்பனா, போனைப் பாப்பனா?"

நான் பெயரைச் சொன்னேன். டெலிபோன் பார்ப்பவர் என்றேன்.

"நம்ம டெலிபோன் தம்பியா? தோ, எதுருல குந்திகினு லெமன் சாதம் துன்னுகினு கீறாரு. தம்பி, உனுக்குத்தான் போனு. பொம்பளை கொரலு."

எனக்குக் கூண்டுக்குள்ளேயே குதிக்க வேண்டும் போல இருந்தது. இருக்கிறார். கம்பெனி இருக்கிறது, அவர் இருக்கிறார், லெமன் சாதம்கூட இருக்கிறது. அவர் வாயில் சாதத்தோடுதான் ஹலோ என்றார்.

"நீங்க அங்கதான் இருக்கீங்களா?" என்றேன்.

"ஆமாங்க. நீங்க?"

"சேலையூர். கடை வடை."

சாதத்தை விழுங்கினார் என்று நினைக்கிறேன். பிறகு, "சொல்லுங்க" என்றார் மெதுவாக.

"எங்கப்பா நேத்து உங்க ஆபீசுக்குப் போன் பண்ணாரு. நீங்க அங்க இல்லவே இல்லைன்னு சொல்லிட்டாங்க. ஞாயித்துக்கிழமை ஜாதகத்தைத் திருப்பிக் குடுக்கப் போறாரு."

"நான் இல்லையா? இருக்கேனே. மூணு வருஷமா இங்கதான் இருக்கேன்."

"என்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்? உங்க கம்ப்யூட்டர்கிட்ட சொல்லுங்க."

தட்டைத் தள்ளிவைக்கிற சத்தம் கேட்டது. அப்புறம், "ஐயையோ" என்றார். அந்த ஐயையோவை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. அவ்வளவு அப்பாவியான ஐயையோ அது.

நடந்தது இதுதான். கம்பெனியில் புதிதாக ஒரு டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் மெஷின் வாங்கியிருந்தார்கள். ஆபரேட்டர் முன்னால் ஒரு சின்னத் திரை. பெயரைத் தட்டினால் அந்த ஆளின் நம்பர் வரும், அவள் லைன் கொடுப்பாள். அந்த மெஷினில் ஒரு வசதி உண்டு. யாராவது வேண்டாம் என்றால் அவர் பெயரைத் திரையில் வராமல் மறைத்துவிடலாம். போன் எப்போதும் போல வேலை செய்யும், தேடினால் மட்டும் பெயர் அகப்படாது. நன்கொடை கேட்பவர்களும் இன்ஷூரன்ஸ் ஏஜென்டுகளும் பிராணனை வாங்குகிறார்கள் என்று முதலாளி தன் பெயரை மறைக்கச் சொன்னார். இவர் அதுவரை அப்படி யார் பெயரையும் மறைத்ததில்லை. முதலாளி பெயரில் எடுத்த எடுப்பில் கைவைத்து ஏதாவது ஆகிவிட்டால் வேலை போய்விடுமே என்று, முதலில் தன் பெயரை மறைத்துப் பார்த்திருக்கிறார். சரியாக மறைந்தது. சந்தோஷத்தில் முதலாளி பெயரையும் மறைத்தார். தன் பெயரைத் திரும்பக் கொண்டுவர மறந்துபோனார்.

அதோடு முடியவில்லை. முதலாளி பெயர் லிஸ்டில் இல்லை என்று தெரிந்ததும் ஜெனரல் மேனேஜருக்கு உறுத்தியது. அவர் பெயரும் மறைந்தது. அவர் மறைந்தால் பர்சனல் மேனேஜர் மட்டும் இளப்பமா? பெயர் வெளியே தெரிகிறவன் சாதாரண ஆள், தெரியாதவன் பெரிய ஆள் என்று ஆகிவிட்டது. ஒருவர் மாற்றி ஒருவர் இவரைத் தனியே கூப்பிட்டு, நம்ம பேரையும் எடுத்துடுப்பா என்றார்கள். பழைய ஆபரேட்டர் அக்கா இருந்தவரை ஒன்றும் தெரியவில்லை, அவருக்கு எல்லோரையும் பழக்கம். அவர் பிரசவத்துக்குப் போனார், இந்தப் பெண் வந்தாள், திரையில் மிச்சமிருந்தது கேட் செக்யூரிட்டியும் கேண்டீனும்தான். விடாமல் கேட்பவர்களுக்கெல்லாம் அவள் கேண்டீனுக்கு லைன் கொடுத்துவிடுவாள். இதில் கேண்டீன்காரர் நிலைமைதான் கஷ்டம். மெனு எழுதுகிற கரும்பலகையில் லெமன் சாதத்துக்குக் கீழே 'பர்ச்சேஸ் சாருக்கு பம்பாய் போன்' என்று எழுதி வைப்பாராம்.

"ரெண்டு வாரமா ஒரு கம்ப்ளெயின்ட்கூட வரலைங்க" என்றார் அவர். "மெஷினை நல்லா செட் பண்ணிட்டோம்னு நினைச்சேன். பாஸ்கிட்டகூடப் பெருமையா சொல்லிட்டேன்."

அவ்வளவுதான். நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து இன்ஸ்டிட்யூட்டில் டைப் சத்தம் நின்றுபோனது. பூத் அண்ணன் எழுந்தே வந்துவிட்டார். மறுமுனையில் அவரும் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, "ஒண்ணு கேக்கலாமா? உங்களுக்குச் சம்மதமா?" என்றார்.

"சம்மதம் இல்லாமயா கேண்டீனுக்குப் போன் பண்ணிக்கிட்டு நிக்கிறேன்?" என்றேன்.

இப்படித்தான் நான் என் கல்யாணத்துக்குச் சம்மதம் சொன்னேன். வெட்கப்பட்டதாக ஞாபகமில்லை.

உடனே பெயரைச் சரி பண்ணிவிடுகிறேன் என்றார். ஆனால் அப்பா மறுபடி போன் செய்தால்தானே அதனால் பலன். அன்று சாயங்காலம் அப்பாவிடம் ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஒளித்துப் பேசுவது எனக்கு வராது. அம்மா வாயில் கைவைத்துக்கொண்டாள். "மாப்பிள்ளைப் பையனுக்கு இவளே போன் பண்ணாளாம். வெளிய தெரிஞ்சா என்ன ஆகும்" என்று அவளுக்குக் கவலை. கேம்ப் ரோடு முழுக்க ஏற்கெனவே தெரிந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. அப்பா மறுநாள் காலை செருப்பை மாட்டிக்கொண்டு பூத்துக்குக் கிளம்பினார். நான் பின்னாலேயே போனேன்.

"இருக்காருங்க சார், லைன் குடுக்கட்டுமா?" என்றாளாம் ஆபரேட்டர்.

அப்பா குடுக்க வேண்டாம் என்று போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "முந்தாநாள் இல்ல. இன்னிக்கு இருக்கான். நடுவுல நீ போன் பண்ணி உஷார்ப்படுத்திட்டே. அந்தப் பொண்ணுக்குச் சொல்லிவைக்க எவ்வளவு நேரமாகும்?"

சரி செய்யப் போய் நானே கெடுத்துவிட்டேன். அப்பா இடத்திலிருந்து பார்த்தால் அவர் கேட்டதில் தப்பும் இல்லை. இல்லாதவன் திடீரென்று இருந்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது?

"அப்பா, நான் வேற யாரையும் கட்டிக்க மாட்டேன்" என்றேன். நடு ரோட்டில், பஸ் போகிற சத்தத்தில் சொன்னேன். டைப்ரைட்டிங் குரலில்தான் சொன்னேன், பூத் அண்ணன்கூட அன்று வாயைத் திறக்கவில்லை.

அப்பா சுற்றுமுற்றும் பார்த்தார். "போய் கிளாஸை கவனி" என்றார். "இருக்கானா இல்லையான்னு நான் என் கண்ணால பாத்துட்டு வரேன்" என்று பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தார்.

அன்று என்னிடம் படித்த பிள்ளைகள் அதிர்ஷ்டசாலிகள். என்ன தப்பு அடித்திருந்தாலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். தாம்பரம் பக்கமிருந்து வந்த ஒவ்வொரு பஸ்ஸையும் ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். அப்பாவைக் காணவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனேன், அங்கேயும் வரவில்லை, சாப்பிட மனசில்லை. சானடோரியம் போய் வர இவ்வளவு நேரமா? சண்டை போட்டிருப்பாரோ, கேட்டிலேயே திருப்பி அனுப்பியிருப்பார்களோ என்று அம்மாவும் நானும் மாறி மாறிக் கற்பனை செய்தோம். சாயங்காலம்தான் வந்தார். செருப்பைக் கழற்றினார், சொம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்தார், துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"என்னங்க ஆச்சு?" என்றாள் அம்மா.

"பையன் இருக்கான்."

"நல்ல பையனா?"

"இருக்கான்னு சொல்றேன்ல" என்றார். மறுநாள் தரகர் வந்தபோது அப்பா ஜாதகத்தைத் திருப்பித் தரவில்லை, முகூர்த்தத்துக்கு நாள் பார்க்கச் சொன்னார். நான் சமையலறைக்குள் போய் அம்மாவைக் கட்டிப் பிடித்துச் சுற்றினேன். விடுடி, ரசம் கொட்டும் என்றாள் அம்மா, ஆனால் அவளும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

அங்கே என்ன நடந்தது என்று அப்பா கடைசிவரை வாயே திறக்கவில்லை. எல்லாம் கல்யாணத்தன்று என் வீட்டுக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதற்குள் கம்பெனியில் எல்லாப் பெயரும் திரைக்குத் திரும்பியிருந்தன. முதலாளியின் மனைவி ஏதோ அவசரத்துக்குக் கூப்பிட்டு, லைன் கேண்டீனுக்குப் போய், 'முதலாளி சாருக்கு வூட்லேர்ந்து போன்' என்று கரும்பலகையில் எழுதப்பட்டு, அதை மொத்தக் கம்பெனியும் சாப்பாட்டு வேளையில் படித்திருக்கிறது. அன்றோடு பெரிய மனிதர்கள் எல்லோரும் மறுபடி சாதாரண ஆட்களாகிவிட்டார்கள்.

திருநீர்மலையில் தாலி கட்டி முடித்து, மலைமேல் பெருமாளைச் சேவித்துவிட்டுப் படியிறங்கி வந்துகொண்டிருந்தோம். அவர் மெதுவாகச் சொல்லிக்கொண்டு வந்தார்.

அப்பா கேட்டுக்கு வந்ததும் இவர் ஓடிப்போய் எக்ஸ்சேஞ்ச் ரூமுக்கே அழைத்துப் போயிருக்கிறார். ஏ.சி. போட்ட ரூம் என்பதால் அப்பா செருப்பை வெளியே விட்டுவிட்டுக் கைகட்டிக்கொண்டு உள்ளே வந்தாராம், கோயிலுக்குள் வருவது போல. இவர் மெஷினைக் காட்டி விளக்கியிருக்கிறார். அப்பா நம்பவில்லை. உடனே இவர் தன் பெயரை மறைத்துக் காட்டினார். அப்பா பக்கத்திலிருந்த போனை எடுத்து ஆபரேட்டரிடம், இவர் இருக்காராம்மா என்று கேட்டார். இல்ல சார் என்றாள். இவர் மறுபடி பட்டனைத் தட்டினார். இப்போ என்றார் அப்பா. இருக்காரு சார். அப்பாவுக்குக் குஷி வந்துவிட்டது. தம்பி, நான் தட்டட்டுமா என்று கேட்டு வாங்கி, அவரே மறைத்தார், அவரே காட்டினார், ஒவ்வொரு தடவையும் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுக் கேட்டார். அவள் அழுகிற நிலைக்கு வந்த பிறகுதான் விட்டாராம். அப்புறம் இரண்டு பேரும் கேண்டீனில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்கள். வீட்டில் நாங்கள் பட்டினியாகக் காத்திருந்த நேரத்தில் அப்பா அங்கே மோர்க்குழம்பு இன்னொரு கரண்டி கேட்டு வாங்கியிருக்கிறார்.

"கிளம்பறப்ப கேட் பக்கத்துல நின்னாரு" என்றார் அவர். "என் கையைப் பிடிச்சுக்கிட்டாரு. தம்பி, அந்தப் பட்டனை யாருக்கு வேணா தட்டிக்குங்க. என் பொண்ணு எப்பக் கூப்பிட்டாலும் நீங்க இருக்கணும்னாரு. இருப்பேன் மாமான்னு சொன்னேன். அப்பதான் கையை விட்டாரு."

நான் படியிலேயே நின்றுவிட்டேன். கீழே அப்பா புது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வேன்காரர் சாமான்களைச் சரியாக ஏற்றுகிறாரா என்று ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை இந்த மனுஷன். மாலையும் கழுத்துமாக, ஊர் ஜனமெல்லாம் பார்க்க, ஓவென்று அழுதேன். பிறந்த வீட்டைப் பிரிகிற அழுகை என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். மேலே ஏறி வந்துகொண்டிருந்த ஓர் அம்மாள்கூட என் தோளைத் தட்டி, எல்லாம் சரியாப் போயிடும்மா என்றார். சரிங்க என்றேன்.